மூன்றாவது ஓட்டம்

பிப்ரவரி 5, புதன்

ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை. பிலோ அக்கா குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் குழாயை முறைத்துக்கொண்டிருக்கிறாள். முறைத்தால் வருவதாக இருந்தால் இந்தத் தெருவுக்கே அவள் ஒருத்தி போதும்.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வலிப்பு மாத்திரை விளம்பரம். ஜனவரி முழுக்கத் தண்ணீர் வந்த தேதியும் ஆபரேஷன் எண்ணிக்கையும்தான் எழுதியிருக்கிறேன். இன்று கொஞ்சம் கூடவே எழுதத் தோன்றுகிறது.

நாளை ஒரு பெரிய கேஸ். தெய்வாத்தாள், நாற்பத்தொன்பது வயது. கணபதிப் பக்கம் ஒரு பம்ப் மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவர். திங்கட்கிழமை வேலை மேசையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று ஓரிடத்தில் பலூன்போல வீங்கி, லேசாகக் கசிந்திருக்கிறது. கசிந்ததோடு நின்றது அவருடைய அதிர்ஷ்டம். வீக்கத்தின் கழுத்தில் ஒரு கிளிப் போட்டு அடைக்க வேண்டும்.

சாய மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு எழுத வார்டுக்குப் போனேன். அது என் வேலை. நான் நர்ஸ் அல்ல, தியேட்டர் டெக்னீஷியன். ஆனாலும் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான்.

"நண்டு, மீன், கருவாடு ஏதாவது சாப்பிட்டு உடம்புல தடிப்பு வந்திருக்காக்கா?"

"நல்லாக் கேட்டீங் போங். எங்கூட்டுக்காரரு பழனிக்கு மாலை போட்டிருக்காரு. ஒரு மாசமா கருவாட்டு வாசமே கெடையாதுங்."

கட்டிலருகே காவி வேட்டியோடு நின்ற கணவர் நாச்சிமுத்து வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சாயம் எதற்கு என்று கேட்டார் தெய்வாத்தாள். ரத்தத்தில் ஒரு பச்சை மருந்து விடுவோம், மைக்ராஸ்கோப்பில் தனி வெளிச்சம் போட்டால் ரத்தம் ஓடுகிற குழாயெல்லாம் திரையில் வெள்ளையாக மின்னும், ஓடாதது இருட்டாக இருக்கும் என்றேன்.

"கரண்டு போகுதான்னு டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாக்கறாப்லீங்ளா?"

"அதேதாங்க்கா."

அவருக்குப் பிடித்துவிட்டது. தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு காயிலிலும் சுற்றியவரின் நம்பர் சீட்டு இருக்குமாம். மோட்டார் எரிந்து திரும்பி வந்தால் அந்த நம்பர்காரி மேசைக்கே வருமாம்.

"எம்பட நம்பர் நாப்பத்தொண்ணுங். நாஞ் சுத்துனத நானேதான் பிரிச்சு, எங்க தப்புன்னு பாக்கோணும். சுத்தறப்பவே தெரிஞ்சா ஒண்ணுமில்லீங், பிரிச்சு மறுக்காச் சுத்திக்கலாம். வார்னிஷ்ல முக்கிட்டா கல்லு மாதர ஆயிரும். வெட்டித்தான் எடுக்கோணும்."

"எத்தனை திரும்பி வந்திருக்கு?"

"இருவத்தி ரெண்டு வருசத்துல மூணு," என்று விரலைக் காட்டினார். செம்புக் கம்பி இழுத்து இழுத்துக் காய்த்த விரல்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நானும் எண்ணி வைக்கிறவள்தான். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி 6, வியாழன்

காலை எட்டரைக்கு ஆரம்பித்து மூன்றரைக்கு முடிந்தது.

சேலத்திலிருந்து இரண்டு டாக்டர்கள் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் சர்ஜன் நடனசபாபதி சார், வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இது செலின். பன்னெண்டு வருஷத்துல ஒரு ஓட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை" என்றார். சார் யாரையும் இப்படிச் சொல்கிறவர் அல்ல. முகமூடி இருந்தது நல்லதாகப் போயிற்று.

பச்சை மருந்து ரத்தத்தில் ஓடுவதைப் படமெடுப்பதற்கு நாங்கள் வைத்த பெயர் ஓட்டம். மூன்று ஓட்டம் எடுத்தோம். முதல் ஓட்டம் கிளிப் போடுவதற்கு முன். இரண்டாவது, போட்ட பிறகு. குழாய்களெல்லாம் மின்னின, ஆனால் வீக்கத்தின் அடியிலும் கொஞ்சம் மின்னியது. அதனால் சார் கிளிப்பை எடுத்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட்டார். சாயம் வடியக் காத்திருந்து மூன்றாவது ஓட்டம். மருந்து ஏறுகிற நேரம் பார்த்து ஒரு ஓரத்தில் ரத்தம் கசிய, சார் திரையைப் பார்க்காமல் உறிஞ்சுகுழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டம் முடிந்துவிட்டது. "செலின், இப்ப எடுத்ததைத் திரும்பப் போடு" என்றார். போட்டேன்.

"எல்லாம் வருது. நூலும் வருது. க்ளோஸ் பண்ணலாம்."

நூல் என்றால் வீக்கத்துக்குப் பக்கத்தில் ஓடும் மிகச் சின்னக் குழாய். பெயர் நீளம், சார் நூல் என்றே சொல்வார். கிளிப்பின் நுனி அதைக் கவ்விவிட்டால் எதிர்ப்பக்கக் கை கால் போய்விடும். எல்லோரும் பயப்படுவது அந்த நூலுக்குத்தான்.

திரையின் வலது மூலையில் ஓட்டத்தின் எண் சிறிதாகத் தெரியும். 01, 02, 03. அதைப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்தால் தண்ணீர் வந்திருந்தது. பதினாறு குடத்தையும் நானே தூக்கி வைத்தேன். "உனக்கென்னடி பேய் புடிச்சிருக்கு?" என்றாள் அக்கா.

ஏழரைக்குச் சார் போன் செய்தார். தெய்வாத்தாள் கண் விழித்துவிட்டாராம். வலது கை தூக்கவில்லையாம், காலும் தளர்ச்சியாம். ஸ்கேனில் கசிவு இல்லையாம். "கடைசி ஓட்டம் சரியாத்தானே இருந்துச்சு செலின்?"

"சரியாத்தான் சார் இருந்துச்சு."

"அப்ப வீக்கமா இருக்கும். காலைல பாப்போம்."

அக்கா தோசை சுட்டாள். இரண்டு சாப்பிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை ஸ்கேனில் மூளைக்குள் சின்னதாக ஒரு கறுப்புத் திட்டு. அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை. ஒருமுறை கசிந்த மூளையில் குழாய்கள் தானே சுருங்குவதுண்டு, இதுவும் அப்படித்தான் இருக்கும் என்றார் சார். நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மைக்ராஸ்கோப்பைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 8, சனி

ஆபரேஷன் இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்து சரியில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் என்றேன். எத்தனை முறை என்று கேட்டார் சாமியார். ஒருமுறை என்றேன். பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். ரோடெல்லாம் பழனிக்கு நடக்கிற கூட்டம். பேருந்து நகரவில்லை, அரை மணி தாமதம்.

நாச்சிமுத்து ஐ.சி.யூ. வாசலில் அதே காவி வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்களெல்லாம் போய்விட்டார்களாம்.

"பதினேழு வருசமா ஒருக்காலும் உட்டதில்லீங் சிஸ்டர். இந்த வருசம் முருகன் இங்கயே உக்காரச் சொல்லிப்போட்டான்." பிறகு, "அந்தப் பச்ச மருந்து உட்டுப் படம் புடிச்சீங்களாமா. அதுல எல்லாம் நல்லாத்தான இருந்துச்சுங்?" என்று கேட்டார்.

சார்கிட்டக் கேளுங்க என்றேன்.

"சாரும் உங்களத்தான் சொன்னாருங். செலின் பாத்தாச்சுன்னா சரியா இருக்கும்னாரு. அதுலதானுங் கொஞ்சம் தெம்பா இருக்குது."

கேன்டீனில் டீ வாங்கினேன். ஆறி ஆடை கட்டிவிட்டது, ஊற்றிவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அங்கே வேலை ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ஏதோ கேட்க வந்தவள்போலப் போனேன்.

மொட்டைத் தலையில் தையல். வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. பேச்சு குழறுகிறது, ஆனால் நிதானமாகக் கேட்டால் புரிகிறது. என்னைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்கம்மிணி. டெஸ்ட் லேம்ப்புக்காரரு."

இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தூங்குகிற குழந்தையை எடுத்து வைப்பதுபோல இருந்தது. போர்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை எடுத்து இடது கையால் தண்ணீர்ப் பாட்டிலின் கழுத்தில் சுற்றிப் பார்த்திருக்கிறார். சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

"எடக்கை மக்குங். வாரம் போனா வலக்கை வந்துருமுன்னு வார்டு சூப்ரவைசரம்மா சொல்லிச்சு. வருமுங்ளா?"

பயிற்சி செய்தால் வரும் என்றேன்.

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று எழுத வேண்டியதில்லை. யாருக்கும் அழுகை வரும்.

பிப்ரவரி 15, சனி

அக்காவுக்குக் கண்ணாடி மாற்றினோம். புதுக் கண்ணாடி போட்டதும் என் முகத்தைப் பார்த்து, "என்னடி இப்படிக் கறுத்துப் போயிட்டே?" என்றாள். வெயில் என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று மதியம் தியேட்டர் காலியாக இருந்தபோது ஆறாம் தேதி எடுத்த மூன்றாவது ஓட்டத்தைத் திறந்து பார்த்தேன்.

திரை முதலில் இருட்டு. பெரிய குழாய் மின்னியது. கிளைகள் மின்னின. வீக்கம் இருட்டாக இருந்தது, அது நல்லது. நூல் இருக்க வேண்டிய இடமும் இருட்டு. ஒரு நிமிடம் காத்திருந்தேன். மின்னவில்லை. மறுபடி போட்டேன். ஏழு முறை போட்டேன்.

இரண்டாவது ஓட்டத்தில் நூல் அழகாக மின்னுகிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். கிளிப் ஒரு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது. அன்று சார் திரும்பப் போடச் சொன்னபோது பட்டியலில் தவறி இரண்டாவதைத் தொட்டிருக்கிறேன். மேலும் கீழுமாக இருக்கும், கையுறை விரல். நடக்கக்கூடியதுதான்.

இன்று, பிப்ரவரி பதினெட்டாம் தேதி, எனக்கு இது தெரிய வந்தது என்று எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 19, புதன்

தண்ணீர் வந்தது. கலங்கல்.

பிப்ரவரி 22, சனி

தெய்வாத்தாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் லிஃப்ட் வரை நானும் போனேன். நாச்சிமுத்து ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொடுத்தார். பழனிக்குப் போய் வந்தவர்கள் கொடுத்ததாம். "உங்களுக்குன்னு எடுத்து வெச்சனுங். எத்தன வாட்டி வந்து பாத்தீங்க. சொந்தத்துலகூட இப்படி ஆரும் வரலீங்."

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அக்கா பஞ்சாமிர்தப் பிரியை, இரண்டு நாளில் டப்பாவைக் காலி செய்துவிடுவாள். எனக்கு வாயில் வைக்க முடியவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மாதக் கடைசி. மைக்ராஸ்கோப்பின் டிஸ்க் நிறைந்துவிடும், ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் பழைய ஓட்டங்களை அழிப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாகச் செய்கிறேன், யாரும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. இன்றும் பார்க்கவில்லை.

ஒன்றாம் தேதியிலிருந்து வரிசையாக அழித்தேன். ஆறாம் தேதி வந்தது. மூன்று கோப்புகள். அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. ஆம் என்று ஒரு தொடல். அப்புறம் குழாய் தானே சுருங்கியதாகவே இருக்கும். சார் எழுதியது அப்படியே நிற்கும். செலின் பார்த்தால் சரியாக இருக்கும்.

நாற்பத்தொன்று என்ற நம்பர் சீட்டு ஞாபகம் வந்தது. எழுந்து சாரின் அறைக்குப் போனேன்.

சார் மூன்றாவது ஓட்டத்தை நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எப்பப் பாத்தே?"

"பதினெட்டாம் தேதி சார்."

"அன்னிக்குச் சாயங்காலம் போன்ல கேட்டேனே?"

"மூணாவதைத்தான் போட்டேன்னு நினைச்சேன் சார்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மூலையில நம்பர் இருக்கு. நானும் பாத்திருக்கணும். நீதான் பாப்பியேன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "தலையை மூடறதுக்குள்ள தெரிஞ்சிருந்தா ரெண்டு நிமிஷ வேலை செலின். கிளிப்பை நகர்த்தினா நூல் திறந்திருக்கும். ஏழரை மணிக்குத் தெரிஞ்சிருந்தாக்கூட மறுபடி உள்ள போய்ப் பாத்திருக்கலாம். கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு பதிவேட்டை எடுத்தார்.

மார்ச் 3, திங்கள்

சார் கணவன் மனைவி இருவரையும் வரவழைத்துப் பேசினாராம். பதிவேட்டிலும் திருத்தி எழுதிவிட்டார். நான் அறைக்குள் போகவில்லை. வெளியே வந்த நாச்சிமுத்து, "ஏதோ சின்னக் கொழா ஒண்ணு கிளிப்புல மாட்டிக்கிச்சாமுங். மறைக்காமச் சொன்னாருங். பெரிய மனசு" என்றார். சார் என் பெயரைச் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

சக்கர நாற்காலியிலிருந்து தெய்வாத்தாள் என்னையே பார்த்துக்கொண்டு போனார்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பல் பூசினார். அதைத் துடைக்காமலே அரை நாள் லீவு போட்டுக் கணபதிக்குப் பேருந்து ஏறினேன். அக்காவிடம் சொல்லவில்லை.

சின்ன வீடு. நாச்சிமுத்து லேத்துப் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் கதவைத் திறந்துவிட்டுப் போனாள். தெய்வாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு பழைய காயிலும் கொஞ்சம் கம்பியும். நாச்சிமுத்து கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தாராம், இடது கையைப் பழக்க.

"இதென்னங்கம்மிணி, நீங்களும் துண்ணூறு பூசியிருக்கறீங்?"

"இன்னிக்கு எங்களுக்கு நோன்பு ஆரம்பங்க்கா."

உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "அக்கா, உங்க மோட்டார் எம்மேசைக்குத் திரும்பி வந்துருச்சு" என்றேன்.

அவருக்கு உடனே புரிந்தது. கம்பியைக் கீழே வைத்தார்.

"பிரிச்சுப் பாத்தீங்ளா?"

"பாத்தேன்."

"எங்க தப்பு?"

சொன்னேன். மூன்று ஓட்டம் எடுத்ததை, மூன்றாவதைக் கேட்டபோது இரண்டாவதைப் போட்டதை, இரண்டாவதில் மின்னிய நூல் மூன்றாவதில் மின்னாததை. ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டார். இருபத்திரண்டு வருடம் இதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டவர்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரம் கழிச்சு."

வெகுநேரம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, ஒரு பக்கம் மட்டும் துடைத்துக்கொண்டார். மறுபக்கம் வழிவது அவருக்குத் தெரியவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

"அப்ப வார்னிஷ் போட்டு, பாடிக்குள்ள ஏத்துனதுக்கப்பறந்தானுங்," என்றார். குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாக. "அதுக்கப்பறம் ஆரு என்ன பண்றது. கை தவறுறது எல்லாத்துக்கும் உண்டுங். சுத்தறப்பவே தெரிஞ்சும் பேசாம உட்டாத்தான் பாவம். நீங்க வந்து சொன்னீங்களே. போதுமுங்கம்மிணி. அழுவாதீங்."

இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்டியான பிடி. டீ வைக்க ஆளில்லை என்று வருத்தப்பட்டார். நானே வைத்துக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம். கிளம்பும்போது, பழகிய கையென்றால் ஒரு நல்ல காயில் சுற்றிக் காட்டியிருப்பேன் என்றார்.

மன்னிப்பு வாங்கிக்கொண்டு பேருந்தில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது.

அக்கா தூங்கப் போகட்டும் என்று காத்திருக்காமல் இதை இப்போதே எழுதிவிடுகிறேன். சாரிடம் சொன்னது பொய். இன்று சொன்னதும் பொய். இந்த டைரியில் பதினெட்டாம் தேதி எழுதியதும் பொய்.

ஆறாம் தேதி பகல் ஒன்று நாற்பது. "நூலும் வருது, க்ளோஸ் பண்ணலாம்" என்று சார் சொல்லி அரை நிமிடம் ஆகவில்லை. திரையை அணைக்கக் கையைக் கொண்டுபோனேன். வலது மூலையில் 02 என்று இருந்தது. பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சேலத்து டாக்டர்கள் இருவரும் என் பக்கத்தில் நின்றார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை என்று காலையில்தான் சார் சொல்லியிருந்தார். சார், தப்பாப் போட்டுட்டேன். மூன்று வார்த்தை. மூன்றாவதிலும் எல்லாம் மின்னியிருக்கும், எப்போதும் மின்னத்தானே செய்கிறது என்று நினைத்துக்கொண்டு திரையை அணைத்தேன்.

சார் தையல் ஊசி கேட்டுக் கையை நீட்டியிருந்தார், ஊசி இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. அப்போது தெய்வாத்தாளின் தலை திறந்துதான் இருந்தது.